கைவினைக் குழுவை எங்கே நடத்துவது? வாட்ஸ்அப், டெலிகிராம், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், சொந்த மன்றம்: ஓர் ஒப்பீடு

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொடுங்கையூர், திருவொற்றியூர்ப் பக்கம் ஆரி ஒர்க் (கொக்கி ஊசியால் துணியில் செய்யும் பூவேலை), ஒயர் கூடை, குரோஷா (கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது) ஆகியவற்றைப் பொழுதுபோக்காகவும் ஓரளவு கைச்செலவுக்காகவும் செய்துவரும் வாசகியர் சிலர், ஏறத்தாழ ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்தனர். தெரிந்தவர்கள் மட்டும் சேர்ந்து தொடங்கிய வாட்ஸ்அப் குழு இப்போது இருநூறு பேரைத் தாண்டிவிட்டது. கேட்ட கேள்வியே வாரந்தோறும் திரும்பி வருகிறது. பதில் தெரிந்த மூத்தவர்கள் சலித்துப்போய் ஒதுங்கிவிட்டார்கள். இந்த நிலையில் டெலிகிராமுக்கு மாறலாமா, ஃபேஸ்புக்கில் குழு தொடங்கலாமா, எல்லோரும் இன்ஸ்டாகிராமில்தானே இருக்கிறார்கள் என்று அங்கேயே போய்விடலாமா, அல்லது முன்பிருந்ததைப் போன்ற இணைய மன்றம் ஒன்றைச் சொந்தமாக அமைத்துக்கொள்ளலாமா என்பதே அவர்களுடைய தடுமாற்றம்.

இதில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைவினைக் குழுக்களில் புழங்கும் செய்தி இரண்டு வகைப்படும். காசி செட்டி தெருவில் எந்தக் கடையில் சர்தோசி (உலோகச் சுருள் நூல்) புதிதாக இறங்கியிருக்கிறது, எம்.சி. ரோட்டில் பிளவுஸ் துணி இன்று என்ன விலை என்பவை சில நாள்களில் காலாவதியாகிவிடும் செய்திகள். ஆரி ஊசியின் கொக்கி நூலைப் பிடிக்காமல் வெறுமனே வெளியே வந்தால் என்ன செய்வது, கூடையைச் சுற்றிப் பின்னிவரும் ரன்னிங் ஒயர் பாதியில் தீர்ந்தால் அடுத்த ஒயரை எங்கே நுழைத்து இணைப்பது என்பவை பத்தாண்டு கழித்தும் இதே வடிவில் கேட்கப்படும் கேள்விகள். இவ்விரண்டையும் ஒரே இடத்தில் கொட்டிவைப்பதுதான் மேலே சொன்ன சலிப்புக்குக் காரணம். எனவே எந்தத் தளம் சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த வகைச் செய்திக்கு எந்தத் தளம் என்று பிரித்துக் கேட்பதே பயன் தரும்.

## மன்றங்கள் செய்துவந்த வேலை

பழைய இணைய மன்றத்தில் ஒரு கேள்விக்கு ஓர் இழை இருந்தது. அதற்கான பதில்கள், மறுப்புகள், திருத்தங்கள், கடைசியில் கேட்டவர் போட்ட "சரியாகிவிட்டது" என்ற படம் வரை எல்லாம் அந்த இழையின் கீழேயே வரிசையாகக் கிடந்தன. கூகுளில் தேடி வரும் முன்பின் தெரியாத ஒருவர், எதிலும் உறுப்பினராகாமலே அதைப் படித்துப் பயன்பெற முடிந்தது. கேள்வி கேட்பது, பதில் சொல்வது, சேமிப்பது, பழகுவது என்ற நான்கும் ஓரிடத்தில் நடந்தன.

சமூக ஊடகங்கள் இந்த நான்கையும் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன. உடனடிப் பதில் வாட்ஸ்அப்புக்குப் போயிற்று. செய்து காட்டுவது யூடியூபுக்குப் போயிற்று. முடித்த பொருளைக் காட்டி விற்பது இன்ஸ்டாகிராமுக்குப் போயிற்று. பழக்கமும் அரட்டையும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவின. சேமிப்பது மட்டும் யாருடைய பொறுப்பிலும் வரவில்லை.

அதற்காக, பழைய ஏற்பாடு பத்திரமானது என்று யாரும் எண்ண வேண்டாம். நம் ஊரில் பலர் முதன்முதலில் குழு என்ற ஒன்றைக் கண்ட ஆர்குட், 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. யாகூ குழுமங்களில் புதிதாக எதையும் ஏற்ற முடியாதபடி 2019 அக்டோபரில் தடைவந்தது; அதன்பின் பழைய கோப்புகளும் படங்களும் அழிக்கப்பட்டன; 2020 டிசம்பரில் சேவையே நின்றது. 2003 முதல் இயங்கிவந்த கிராஃப்ட்ஸ்டர் என்ற பெரிய கைவினை மன்றமும் 2019-ல் முடிவுக்கு வந்தது. அதன் உறுப்பினர்கள் சிலர் கலைந்துபோக மனமின்றி, லெட்டஸ் கிராஃப்ட் என்ற பெயரில் தாங்களே நடத்தும் மன்றம் ஒன்றைத் தொடங்கினர்.

இவற்றைவிடக் கைவினைக்காரர்களை அதிகம் பாதித்தது 2017-ல் நடந்தது. அக்காலத்து மன்றங்கள் பலவற்றில் படத்தை நேரடியாக ஏற்றும் வசதி குறைவு என்பதால், ஃபோட்டோபக்கெட் போன்ற தளத்தில் படத்தை வைத்துவிட்டு அதன் இணைப்பை மன்றத்தில் ஒட்டுவார்கள். அந்த நிறுவனம் திடீரென்று தன் விதிகளை மாற்றி, இவ்வாறு பிற தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர் கட்ட வேண்டும் என்றது. மன்றங்களும் இழைகளும் எழுத்தும் அப்படியே இருந்தன. படம் இருந்த இடத்தில் மட்டும் பணம் கட்டச் சொல்லும் அறிவிப்பு நின்றது. கைவினைக் குறிப்பில் படம் போய் எழுத்து மட்டும் நிற்பது அடி இல்லாத கூடைக்குச் சமம். சொந்த மன்றம் வேண்டும் என்போர் இந்த நிகழ்ச்சியை நினைவில் கொள்வது நல்லது: மன்றம் நம்முடையதாக இருந்தாலும், அதிலுள்ள படம் வேறொருவரிடம் இருந்தால் நம்முடையது பாதிதான்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

உறுப்பினர் எண்ணிக்கை, லைக், பார்வைகள் ஆகியவற்றை நான் அளவுகோலாகக் கொள்ளவில்லை. பின்வருவன போதும்.

தேடினால் கிடைக்கிறதா. ஈராண்டுக்கு முன் ஒருவர் சொன்ன பதிலை, இன்று புதிதாகச் சேர்ந்தவர் யாரையும் தொந்தரவு செய்யாமல் எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். தமிழ்க் குழுக்களில் இது இன்னும் கடினம். ஒருவர் ஒயர் என்கிறார், ஒருவர் வயர் என்கிறார், மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் தமக்குத் தோன்றியபடி தட்டுகிறார், நான்காமவர் எதையும் தட்டாமல் குரல்பதிவாகப் பேசி அனுப்பிவிடுகிறார். குரல்பதிவில் எவ்வளவு அருமையான விளக்கம் இருந்தாலும் தேடலில் அது அகப்படாது.

பதில் எவ்வளவு விரைவில் வருகிறது. நாளைக் காலை கொடுக்க வேண்டிய பிளவுஸில் நூல் அறுந்து நிற்பவருக்கு மூன்று நாள் கழித்து வரும் பதிலால் பயனில்லை.

எடுத்துக்கொண்டு வெளியேற முடிகிறதா. தளம் மூடினாலோ கணக்கு முடங்கினாலோ, அதுவரை சேர்த்ததை வேறிடத்துக்குக் கொண்டுபோக வழி இருக்க வேண்டும்.

உறுப்பினரின் தொலைபேசி எண்ணும் அடையாளமும் காக்கப்படுகின்றனவா. பெரும்பாலும் பெண்கள் உள்ள குழுக்களில் இதை முதல் அளவுகோலாகவே வைக்கலாம்.

யார் உழைக்க வேண்டியிருக்கிறது. இலவசம் என்று சொல்லப்படும் எதிலும் ஒருவருடைய மாலைப்பொழுதுகள் செலவாகின்றன. அவர் யார், எத்தனை காலம் அவரால் முடியும் என்று தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

## வாட்ஸ்அப்

பதிலின் விரைவில் இதை வெல்ல ஒன்றுமில்லை. வண்ணாரப்பேட்டையில் கடையில் நின்றபடியே ஒருவர் மணிச்சரத்தைப் படமெடுத்துப் போட்டு, "அக்கா, இது சுகர் பீட்ஸா, கட் பீட்ஸா?" என்று கேட்டால், கடைக்காரர் பில் போடுவதற்குள் பதில் வந்துவிடுகிறது. புதிதாகச் செயலி எதையும் இறக்கத் தேவையில்லை. கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம் என்பதால் இடப்பற்றாக்குறையும் இல்லை.

சேமிப்பில்தான் இது தோற்கிறது. புதிதாகச் சேர்பவருக்கு முன்பு நடந்த உரையாடல் இயல்பாகத் தெரிவதில்லை. ஆகவே அவர் பழைய கேள்வியைக் கேட்பதில் அவர் தவறு ஒன்றுமில்லை. மேலே பொருத்திவைக்க முடிவது மூன்று செய்திகளை மட்டுமே. அதுவும் அதிகபட்சம் 30 நாளுக்கு. இறக்கிக்கொள்ளாமல் விட்ட படத்தைச் சில மாதங்கள் கழித்துத் தொட்டால், அனுப்பியவரிடமே மீண்டும் கேட்கச் சொல்கிறது. மொத்தக் குழுவின் சேமிப்பும் தனித்தனிக் கைப்பேசிகளில் இருப்பதால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததைப் போன்ற ஒரு நாளில், பேக்அப் எடுத்துவைக்காத கைப்பேசியோடு அத்தனையும் போய்விடும்.

மறைசெலவுகள் இரண்டு. உறுப்பினர் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். இருநூறு பேரில் ஒருவர் தவறானவராக இருந்தால் போதும், இரவு பதினொரு மணிக்கு அறிமுகமற்ற எண்ணிலிருந்து செய்தி வரத் தொடங்கிவிடும். குழுக்களை இணைக்கும் கம்யூனிட்டி அமைப்பில் அறிவிப்புப் பகுதியில் எண்கள் மறைக்கப்படுகின்றன என்றாலும், உள்ளே உள்ள குழுக்களில் பழைய நிலைதான். இரண்டாவது செலவு கைப்பேசி நினைவகம். வீட்டில் ஒரே கைப்பேசியைப் பிள்ளையின் படிப்புக்கும் சேர்த்து வைத்திருப்பவர்கள், நினைவகம் நிரம்பியதும் முதலில் வெளியேறுவது கைவினைக் குழுவிலிருந்துதான்.

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் நேரில் அறிந்த, நூறு பேருக்கு உட்பட்ட, ஒரே வட்டாரத்துக் குழுவுக்கு இது மட்டுமே போதும்.

## டெலிகிராம்

வாட்ஸ்அப்பின் குறைகளில் பாதியை டெலிகிராம் தீர்க்கிறது என்பது உண்மை. செய்திகள் நிறுவனத்தின் சர்வரில் இருப்பதால், நிர்வாகி அனுமதித்தால் புதியவரும் முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் பார்க்க முடியும். கைப்பேசியில் இடம் அடைபடாது. தொலைபேசி எண்ணை மறைத்து, பயனர் பெயரோடு மட்டும் பங்கேற்கலாம். 2022 முதல் குழுவைத் தலைப்புகளாகப் பிரிக்கும் வசதி இருப்பதால், ஆரிக்கு ஒன்று, கூடைக்கு ஒன்று, கடை விவரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கணினிச் செயலி வழியாகப் படங்களோடு சேர்த்து முழு உரையாடலையும் தரவிறக்கவும் முடியும். எடுத்துக்கொண்டு வெளியேறும் வசதியில் பெரிய தளங்களுள் இதற்கே முதலிடம் தருவேன்.

பிறகு ஏன் எல்லோரும் போகவில்லை? நம் வீட்டுப் பெண்களில் பலருடைய கைப்பேசியில் டெலிகிராம் இல்லை. இருந்தால் அது பிள்ளைகள் சினிமா இறக்குவதற்காகப் போட்டது என்ற எண்ணம் வீட்டில் இருக்கிறது. அந்த எண்ணத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. யாரும் தேடிச் சேரும்படி வைத்த குழுவில் தானியங்கிக் கணக்குகள் நுழைந்து பங்குச்சந்தை விளம்பரமும் அதைவிட மோசமானவையும் போடும். அவற்றை அகற்ற ஒருவர் தினமும் காவல் இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டிய டிசைன் பிடிஎஃப்களை யாராவது குழுவில் கொட்டிவிடுவதும் இங்கே மிகுதி. வரைந்தவருடைய உழைப்பு திருடப்படுகிறது என்பதோடு, நிர்வாகி என்ற முறையில் நீங்களும் அதற்குப் பதில் சொல்ல நேரிடும். மேலும், இடம் மாறும்போது இருநூறு பேரில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வராத பாதியில்தான் கை தேர்ந்த மூத்தவர்கள் இருப்பார்கள்.

வகுப்பு நடத்துபவர்களுக்கு இது பொருந்தும். மாணவியர் பட்டியல் தெளிவாக இருக்கும், சேர்க்கையை ஆசிரியரே கட்டுப்படுத்துவார், டிரேசிங் கோப்புகளை அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் சூழலில் 2 ஜிபி வரையிலான கோப்பை அனுப்ப முடிவது பெரிய வசதி.

## ஃபேஸ்புக் குழு

மன்றத்தின் வடிவத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். ஒரு பதிவு, அதன் கீழே கருத்துகள், கருத்திலும் படம் போடும் வசதி, குழுவுக்குள் தேடல் என்று எல்லாம் உண்டு. தொலைபேசி எண் வெளியே தெரியாது. பெயர் காட்டாமல் கேள்வி கேட்கவும் குழுவில் வசதி உண்டு; "இவ்வளவு நாளாகச் செய்கிறீர்கள், இதுகூடத் தெரியாதா" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என அஞ்சுபவருக்கு அது உண்மையாகவே உதவுகிறது.

ஆனால் மன்றத்தில் கடைசியாகப் பதில் வந்த இழை மேலே வரும் என்ற எளிய விதி இருந்தது. இங்கே எது யாருக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதைத் தளத்தின் கணக்கீடு தீர்மானிக்கிறது. அழகாக முடித்த மணப்பெண் பிளவுஸின் படம் நூற்றுக்கணக்கானோருக்குப் போய்ச் சேரும். அழுக்கு வெளிச்சத்தில் எடுத்த, நூல் சிக்கிய துணியின் படத்தோடு வந்த கேள்வி சிலருக்கு மட்டும் தெரிந்து அடங்கிவிடும். கற்பவருக்கு வேண்டியது இரண்டாவது படம். இந்தச் சாய்வினால் குழு மெல்ல மெல்லக் காட்சிக்கூடமாகிறது, பிறகு விற்பனைக்கூடமாகிறது. "விலை இன்பாக்ஸில்" என்ற பதில் பெருகத் தொடங்கிய குழுவில் நுட்பத்தைப் பற்றிய பேச்சு அடங்கிவிட்டது என்று துணிந்து சொல்லலாம்.

தனிக்குழுவாக வைத்தால் கூகுளில் வராது. பொதுக்குழுவாக வைத்தால் பெண்கள் படம் போடத் தயங்குவார்கள். பிறர் எழுதியவற்றைச் சேர்த்து மொத்தமாகத் தரவிறக்கும் வசதி நிர்வாகிக்குக் கிடையாது. 2025 ஜூன் மாதம் எந்தத் தவறும் செய்யாத ஏராளமான குழுக்கள் உலகெங்கும் முடக்கப்பட்டு, அது தொழில்நுட்பப் பிழை என்று மெட்டா நிறுவனம் பிறகு விளக்கம் தந்தது. விளக்கம் வந்தது நல்லதுதான். அதுவரை நிர்வாகிகள் செய்வதறியாது நின்றார்கள்.

பெரம்பூரைத் தாண்டி மதுரை, கோவை, வளைகுடா நாடுகள் என்று பல இடத்துத் தமிழர்களைச் சேர்க்க விரும்பும் குழுவுக்கும், நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மிகுந்த குழுவுக்கும் இது பொருத்தமானது.

## இன்ஸ்டாகிராமும் யூடியூபும்

2020 ஜூன் இறுதியில் டிக்டாக் இந்தியாவில் தடைசெய்யப்பட்டு, மறு மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது. ஊரடங்கில் வீட்டிலிருந்தபடி கைவினையைத் தொடங்கியவர்கள் நேராக ரீல்ஸுக்குள் நுழைந்தார்கள். மன்றம் என்ற ஒன்று இருந்ததே அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆர்வத்தை மூட்டுவதில் இதற்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கற்றுத்தருகிறதா என்பது வேறு கேள்வி.

ஆரி வேலையையே எடுத்துக்கொள்வோம். ஃபிரேமில் இழுத்துக் கட்டிய துணியின் மேலே ஊசி பிடித்த வலக்கை இயங்குகிறது; நூலைப் பிடித்த இடக்கை துணிக்கு அடியில் இருக்கிறது. ஊசி கீழே இறங்கியதும், அடியிலுள்ள கை நூலைக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். பிறகு ஊசியைத் திருப்பி, கொக்கியின் முதுகுப்புறம் துணித்துளையின் விளிம்பைத் தள்ளிக்கொண்டு வரும்படி மேலே இழுக்க வேண்டும். திருப்பாமல் இழுத்தால் கொக்கி துணியின் இழையைக் கவ்விக் கிழித்துவிடும். ரீல்ஸில் கேமரா மேலே இருக்கிறது. அடியிலுள்ள கை தெரிவதே இல்லை. ஊசி திரும்புவது வேகத்தில் கண்ணுக்குப் படுவதில்லை. தங்க நூல் சங்கிலியாக ஓடுவது மட்டும் தெரிகிறது. பார்த்தவர் துணி எடுத்து உட்கார்ந்தால், முதல் நாலு தையலிலேயே கொக்கி வெறுமனே மேலே வருகிறது. துணி தளர்வாக இருக்கலாம், அடிக்கை நூலை இழுத்துப் பிடிக்காமல் விட்டிருக்கலாம், ஊசி சாய்ந்திருக்கலாம். இவற்றுள் எது என்று சொல்ல, அவர் தம் துணியின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து யாரிடமாவது காட்ட வேண்டும். யூடியூப் கருத்துப் பகுதியில் படம் போட முடியாது. இன்ஸ்டாகிராமில் கேட்டால், "கிளாஸ் டீட்டெய்ல்ஸுக்கு டிஎம் பண்ணுங்க சிஸ்" என்று வருகிறது.

யூடியூபை இன்ஸ்டாகிராமோடு முழுவதும் ஒன்றாகச் சேர்ப்பதும் நியாயமில்லை. நீளமான காணொளியில் ஒவ்வொரு முடிச்சையும் நிறுத்திக் காட்டும் ஆசிரியர்கள் தமிழில் இருக்கிறார்கள். சிவன் கண் கூடை, நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று பெயர் சொல்லித் தேடினால் கிடைக்கும். அவை கூகுளிலும் வருகின்றன. கூடைக்காரர்களுக்கு, ஒயர் முழுதும் கண்ணெதிரே இருப்பதால், காணொளி ஆரிக்காரர்களுக்குத் தருவதைவிட நிறையத் தருகிறது. ஆனால் சேனல் ஒருவருடையது. குழு என்பது அங்கே பார்வையாளர் கூட்டம். ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளும் கூட்டம் அன்று.

மறைசெலவு, செய்த பொருளைவிட அதைப் படமெடுப்பதற்குக் கூடுதல் நேரம் போவது. ரிங் லைட், பின்னணித் துணி, பாட்டுத் தேர்வு என்று அது வளர்ந்துகொண்டே போகும். விற்பதே நோக்கமென்றால் அந்த நேரம் முதலீடு; தயங்காமல் இன்ஸ்டாகிராமுக்குப் போகலாம். பொழுதுபோக்கு என்றால் அது களவுபோன நேரம்.

## சொந்த மன்றம்

தேடல், நிலைப்பு, கட்டுப்பாடு மூன்றிலும் இதுவே முதலிடம். 2000 முதல் உள்ள பிஹெச்பிபிபி, 2013-ல் வந்த டிஸ்கோர்ஸ் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தளப் பெயருக்கும் சர்வருக்கும் மட்டும் பணம் கட்ட வேண்டும். சிறு குழுவுக்கு அது மாதம் சில நூறு ரூபாயில் முடியும், உறுப்பினர்கள் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ஒரு டீச் செலவு.

பணம் சிக்கல் அன்று, ஆள்தான் சிக்கல். மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், போலிப் பதிவுகளை நீக்க வேண்டும், கடவுச்சொல் மறந்தவருக்கு மின்னஞ்சல் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளை கல்லூரி விடுமுறையில் செய்து கொடுத்துவிடுவான். அவன் வேலை கிடைத்துப் பெங்களூரு போனபின் மன்றம் அநாதையாகிவிடும்.

அடுத்தது வெறுமை. இணையச் சமூகங்களில் நூற்றில் தொண்ணூறு பேர் படிக்க மட்டுமே செய்கிறார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், ஒருவரே மிகுதியாக எழுதுகிறார் என்று இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006-ல் எழுதிய கணக்கு எவ்வளவு தோராயமானது என்றாலும், அதை நம் இருநூறு பேர் குழுவுக்குப் போட்டுப் பாருங்கள்: தொடர்ந்து எழுத இரண்டு பேர், அவ்வப்போது எழுத இருபதுக்கும் குறைவானோர். வாட்ஸ்அப் தானாகக் கைப்பேசியில் ஒலிப்பதால் அந்தச் சிலர் எழுதுகிறார்கள். மன்றத்தை நாமாகத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்த்துப் புதிதாக ஒன்றும் இல்லையென்றால் மறுநாள் திறக்கமாட்டோம்.

ஆயிரம் பேருக்கு மேல் உள்ள, தமிழ்நாடு தழுவிய குழுவாக இருந்து, பராமரிக்கத் தெரிந்தவர் குறைந்தது இருவராவது இருந்தால் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். குரோஷா மட்டும் செய்பவர்களுக்கு 2007 முதல் இயங்கும் ரேவல்ரி என்ற இணையதளம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு டிசைனை யார் யார் எந்த நூலில், எந்த அளவு ஊசியில் செய்தார்கள் என்பதை அவரவர் படத்தோடு பதிந்துவைக்கும் ஏற்பாடு அதில் உண்டு. ஆங்கிலத்தில் இருந்தாலும் படத்தையும் எண்ணையும் பார்த்தே பாதி புரியும். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: கல்லூரி மாணவியர் மட்டுமே உள்ள குழு என்றால் ஓடும், மற்றபடி வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வாட்ஸ்அப் | டெலிகிராம் | ஃபேஸ்புக் குழு | இன்ஸ்டாகிராம், யூடியூப் | சொந்த மன்றம் |
|---|---|---|---|---|---|
| பழைய பதில் தேடலில் கிடைப்பது | அரிது | குழுவுக்குள் நன்று | குழுவுக்குள் ஓரளவு | யூடியூபில் நன்று | மிக நன்று |
| பதிலின் விரைவு | நிமிடங்கள் | ஆள் இருந்தால் விரைவு | சில மணி நேரம் | உறுதியில்லை | ஓரிரு நாள் |
| எடுத்துக்கொண்டு வெளியேறுவது | எழுத்து எளிது, படம் பாதி | எளிது | இயலாது | தன் காணொளி மட்டும் | முழுவதும் |
| எண்ணின் மறைவு | இல்லை | உண்டு | உண்டு | உண்டு | உண்டு |
| மறைசெலவு | நினைவகம், சலிப்பு | அன்றாடக் காவல் | விற்பனை இரைச்சல் | படமெடுக்கும் நேரம் | பராமரிப்பாளர் |

## கேட்டவர்களுக்கு என் பரிந்துரை

கடிதங்களில் விவரித்த அளவுள்ள குழு இடம் மாற வேண்டியதில்லை. காலாவதியாகும் செய்திக்கு வாட்ஸ்அப்பை அப்படியே வைத்துக்கொண்டு, காலாவதியாகாத பதில்களை மட்டும் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, எழுத்தாகவும் படமாகவும் ஒரு தொகுப்பில் சேர்ப்பதே போதும். கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம், குறிப்புக்கு நாலைந்து படம் என்ற கணக்கில் பல ஆண்டுகளுக்கு வரும். கைவினைக்கு ஓர் ஆவணம், அதற்குள் கேள்வியே தலைப்பாக, கீழே பதில். இதற்குமேல் நுணுக்கம் தேவையில்லை. தொகுப்பின் இணைப்பைக் குழுவின் விவரப் பகுதியில் போட்டுவிட்டால் புதிதாகச் சேர்பவர் முதலில் அதைப் பார்ப்பார்.

இதற்கென்று தனிக் கணக்கு தொடங்கி, இருவர் கையில் கடவுச்சொல் இருக்கட்டும். ஈராண்டு பயன்படுத்தாத கணக்குகளை அழிக்கும் விதி கூகுளில் உண்டு என்பதால், அந்த இருவரில் ஒருவராவது அவ்வப்போது உள்ளே போய்வர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுத் தொகுப்பையும் இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குரல்பதிவாக வந்த நல்ல விளக்கத்தை யாராவது கேட்டு எழுத வேண்டும். வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கும் பாரமில்லை. எழுதும்போது ஒயர், வயர் இரண்டையும் ஆங்கில எழுத்து வடிவத்தையும் தலைப்பின் கீழே ஒரு வரியில் போட்டுவிட்டால் எப்படித் தேடினாலும் அகப்படும்.

ஒருவர் குழுவில் சொன்னதைத் தொகுப்பில் ஏற்றும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். அவர் விரும்பினால் பெயரோடு, விரும்பாவிட்டால் பெயரின்றி. எப்படியாயினும் தொலைபேசி எண்ணும் முகம் தெரியும் படமும் வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய டிசைன் எதுவும் தொகுப்புக்குள் வரக்கூடாது. வகுப்பு நடத்திப் பிழைப்பவர் சொன்ன நுட்பமாக இருந்தால், அவர் எதைப் பொதுவில் வைக்கச் சம்மதிக்கிறார், எதை வகுப்புக்கு வைத்துக்கொள்கிறார் என்பதை அவரே வரையறுக்கட்டும். அதைக் கேட்காமல் ஏற்றிய குழுக்களிலிருந்துதான் மூத்தவர்கள் முதலில் விலகினார்கள்.